காட்டோரத் தோட்டத்துக்கு எந்தத் தானியங்கி கேமரா?

கேள்வி: ஈரோடு மாவட்டம் கடம்பூர் மலையில் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளமும் ஒரு ஏக்கரில் மரவள்ளியும் போட்டிருக்கிறேன். இரவில் ஏதோ ஒன்று நுழைந்து மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்கிறது. சோளத் தட்டையும் சாய்ந்து கிடக்கிறது. காட்டுப்பன்றி என்கிறார் அப்பா, முள்ளம்பன்றி என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். எங்கள் பகுதியில் செல்போன் சிக்னல் கிடைப்பதில்லை. விலங்கு எதிரே வந்தால் தானே படம் எடுக்கும் தானியங்கி கேமரா, சிம் கார்டு இல்லாததாக ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். கடையில் 24 மெகாபிக்சல், 48 மெகாபிக்சல் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: வேலி போடுவதற்கு முன்னால் நுழைவது எது என்று தெரிந்துகொள்ள நினைத்தீர்களே, அதுவே சரியான வழி. பன்றிக்குப் போடும் வேலி வேறு, முள்ளம்பன்றிக்குப் போடும் வேலி வேறு. விலங்கை மாற்றி நினைத்துச் செலவு செய்தால் பணமும் போகும், பயிரும் போகும். சிக்னல் இல்லாத இடத்தில் சிம் போடும் கேமராவுக்கு வேலையே இல்லை. மெமரி கார்டில் படத்தைச் சேமிக்கும் கேமராவே உங்களுக்குப் போதும்.

மெகாபிக்சல் எண்ணை மறந்துவிடுங்கள். இந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் உள்ளே படம் பிடிக்கும் சென்சார் சிறியது. அது எடுக்கும் படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கித்தான் 24, 48 என்று அட்டையில் அச்சிடுகிறார்கள். படம் பெரிதாகுமே தவிர, புதிதாக ஒரு மயிரிழைகூட அதில் தெரியாது. கார்டுதான் சீக்கிரம் நிறையும். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, விலங்கு எதிரே வந்ததும் எவ்வளவு விரைவில் படம் எடுக்கும் என்பது. அரை விநாடிக்குள் எடுக்க வேண்டும், 0.3 விநாடி என்றால் நல்லது. ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் கேமராவில், ஓடும் பன்றியின் வால்தான் விழும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள இடைவெளியையும் கேளுங்கள். பன்றி கூட்டமாக வரும். முதல் பன்றியை எடுத்துவிட்டுக் கேமரா நீண்ட நேரம் ஓய்ந்திருந்தால், வந்தது ஒன்றா பத்தா என்று தெரியாது.

அடுத்தது இரவு வெளிச்சம். இந்தக் கேமராக்கள் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கின்றன. 850 நானோமீட்டர் (ஒளியின் அலைநீள அளவு) விளக்கு என்றால் வெளிச்சம் தொலைவுக்குப் போகும், ஆனால் விளக்கு எரியும்போது மங்கலான சிவப்பு தெரியும். 940 நானோமீட்டரில் அந்தச் சிவப்பு தெரியாது, தூரம் சற்றுக் குறையும். உங்களுக்கு நான் 940-ஐத்தான் சொல்வேன். நீங்கள் பார்க்க வேண்டியது பத்து மீட்டருக்குள் நடப்பதைத்தான். சிவப்பு தெரியாவிட்டால் வழியில் போகிற ஆள் கண்ணிலும் கேமரா படாது. திருட்டுப் பயம் குறையும்.

கடையில் ‘வைஃபை உண்டு’ என்றால் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். கேமராவுக்கு அருகில் நின்று செல்போனில் படத்தை இறக்கிக்கொள்ளத்தான் அது. வசதிதான், ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. அந்தப் பணம் மிச்சமானால் இன்னொரு எளிய கேமரா வாங்குங்கள். மூன்று ஏக்கருக்கு விலை உயர்ந்த ஒன்றைவிடச் சாதாரணமான இரண்டு அதிகம் சொல்லும்: ஒன்று நுழையும் தடத்தில், மற்றொன்று கிழங்கு பறிபோகும் இடத்தில்.

பேட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரும்பாலானவை டபுள்-ஏ அளவில் நான்கோ எட்டோ கேட்கும். பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் கசிந்து கேமராவையே கெடுத்துவிடும். சார்ஜ் செய்யும் சாதாரண பேட்டரி 1.2 வோல்ட்தான் தரும். உங்கள் கேமரா அதை ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். வெளி பேட்டரி இணைக்கும் துளை இருந்தால் அது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்க்காமல் பைக் பேட்டரியை மாட்டாதீர்கள். இரவு வீடியோ பேட்டரியைக் குடித்துவிடும். முதலில் ஒரு தடவைக்கு மூன்று படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலங்கு எது என்று அறிய அதுவே போதும். 32 ஜிபி கார்டு தாராளம்.

நல்ல கேமராவும் தவறான இடத்தில் வீண். விலங்கு வருவதை உணரும் இதன் இன்னொரு சென்சார் பார்ப்பது சூடான உடல் குறுக்கே நகர்வதை. நேராக எதிரே வரும் விலங்கைவிடக் குறுக்கே கடக்கும் விலங்கை எளிதில் பிடிக்கும். எனவே தடத்துக்குப் பக்கவாட்டில், மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். இடுப்பு உயரத்தில் கட்டினால் முள்ளம்பன்றி அடியிலேயே போய்விடும். லென்ஸ் வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். கிழக்கு மேற்காக வைத்தால் காலை, மாலை வெயில் நேராக அடிக்கும். எதிரே உள்ள புல்லையும் தொங்கும் சோளத் தோகையையும் வெட்டிவிடுங்கள். காற்றில் அவை ஆடினால் வெறும் படங்களாகவே கார்டு நிறையும். தேதியையும் நேரத்தையும் சரியாக வைக்க மறக்காதீர்கள். மூடியின் ரப்பர் பட்டையில் மண் இல்லாமல் துடைத்து, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள்; மலைப் பனிக்கு அது அவசியம்.

யானை உங்கள் பக்கம் வரும். பழக்கமில்லாத பொருளைத் தும்பிக்கையால் பிடுங்கிப் பார்ப்பது அதன் இயல்பு. யானைத் தடம் தெரிகிற இடத்தில் கேமரா கட்டாதீர்கள். உங்களைச் சுற்றியுள்ள சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம்; பட்டா நிலத்தின் எல்லையைத் தாண்டிக் காட்டு மரத்தில் அனுமதியின்றிக் கேமரா கட்டுவது குற்றமாகிவிடும். உங்கள் நிலத்துக்குள், நிலத்தைப் பார்த்தபடி மட்டும் வையுங்கள். மக்கள் நடக்கும் பாதையை அது பார்க்க வேண்டாம். கார்டை எடுக்கப் போவது நன்றாக வெயில் ஏறிய பிறகு இருக்கட்டும். இருட்டில் சத்தம் கேட்டு டார்ச்சுடன் கிழங்குத் தோட்டத்துக்குள் இறங்கவே கூடாது. ஒரு மூட்டைக் கிழங்குக்காக உங்கள் உயிரை வைக்காதீர்கள்.

படம் வருவதற்குள் தோட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். ஏர் ஓட்டியதுபோல் மண் கிளறப்பட்டு, தட்டை கூட்டமாகச் சாய்ந்து கிடந்தால் பன்றியாக இருக்கும். தட்டை அடியில் கூர்மையாக அறுபட்டு, அருகே முள் உதிர்ந்து கிடந்தால் முள்ளம்பன்றி. கிழங்கு மட்டும் வளைக்குள் இழுபட்டிருந்தால் பெருச்சாளியையும் சந்தேகிக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் பன்றியும் முள்ளம்பன்றியும் சேர்ந்தே வருவதாகவும் இருக்கலாம். அப்பா சொல்வதும் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதும் சரியாகிவிடும்.

முள்ளம்பன்றி என்றால், கம்பி வலையை மண்ணுக்குள் ஒரு அடி புதைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தோண்டி வந்துவிடும். பன்றி என்றால், தாழ்வான கம்பி வரிசைகள் உள்ள சூரிய மின்வேலி பயன் தரும். மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழக அரசு 2023-இல் விதிகள் கொண்டுவந்திருக்கிறது. வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுக்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அதில் யானையும் சாகிறது, காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் சொந்தக்காரரும் சாகிறார்.

சேதத்துக்கு இழப்பீடு கேட்டு மனு கொடுப்பதாக இருந்தால், தேதியும் நேரமும் பதிந்த படங்களை அச்செடுத்து இணையுங்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும் வரை சாய்ந்த தட்டைகளை அப்புறப்படுத்த வேண்டாம்.