முதலில் பெயர், பிறகுதான் கதை

கேள்வி: சிறிய சட்ட நிறுவனம் ஒன்றில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு பெண்மணி விவாகரத்து பற்றிப் பேச வந்தார். வருவதற்கு முன்பே கணவர் பெயரைக் கணினியில் தேடினேன், எதுவும் வரவில்லை. எங்கள் வழக்கறிஞர் அரை மணி நேரம் பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது, கணவர் எங்களுடைய பழைய கட்சிக்காரர். அவர் கடை வாங்கியபோதும் உயில் எழுதியபோதும் நாங்கள்தான் செய்துகொடுத்தோம். இப்போது என்ன செய்வது? இனி இப்படி நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?
– ஈசூன் வாசகி

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பெண்மணியிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம், அவர் அனுப்பும் ஆவணங்களைத் திறக்க வேண்டாம், கணவருடைய பழைய கோப்பையும் புரட்ட வேண்டாம். ஆள் அவர்தானா என்று உறுதிசெய்ய பெயரும் அடையாள அட்டை எண்ணும் போதும்.

அடுத்தது, நல்ல எண்ணத்தோடேயே பலர் சறுக்கும் இடம். பழைய கட்சிக்காரரைக் கூப்பிட்டு, "உங்கள் மனைவி வந்திருந்தார், நாங்கள் எடுத்து நடத்தலாமா?" என்று கேட்பது நேர்மையாகத் தோன்றும். ஆனால் கேட்ட மறுநொடியே அந்தப் பெண்ணின் ரகசியம் போய்விட்டது. வழக்கறிஞரைப் பார்த்ததே அவர் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். கட்டணம் கட்டவில்லை, கையெழுத்துப் போடவில்லை என்பதால் எதுவும் மாறாது. ஆலோசனை கேட்டு வந்தவர் நம்பிச் சொன்னது ரகசியம்தான். அதேபோல, "உங்கள் கணவர் எங்கள் கட்சிக்காரர்" என்று அவரிடமும் சொல்லக் கூடாது. அது கணவருடைய ரகசியம். "தொழில் விதிகளின்படி இந்த வழக்கை எங்களால் எடுக்க முடியாது, காரணத்தையும் சொல்ல முடியாது, மன்னியுங்கள்" என்று உங்கள் வழக்கறிஞர் சொன்னால் போதும். வாங்கிய பணத்தையும் ஆவணங்களையும் திருப்பிக் கொடுங்கள். நீதிமன்றத்திலிருந்து அவருக்கு ஏதாவது வந்திருந்தால், கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, உடனே வேறு வழக்கறிஞரைப் பாருங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாம் விலகிக்கொண்டதால் அவர் தவித்து நிற்கக் கூடாது.

"வேலைதான் முடிந்துவிட்டதே, அவர் இப்போது நம் கட்சிக்காரர் இல்லையே" என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். சிங்கப்பூர் வழக்கறிஞர்களுக்கான 2015ஆம் ஆண்டுத் தொழில் நடத்தை விதிகளில், 20ஆம் விதி இப்போதைய கட்சிக்காரர்கள் இருவருக்கிடையே வரும் நலன் முரண்பாட்டைப் பேசுகிறது. 21ஆம் விதி பழைய கட்சிக்காரரைப் பற்றியது. அன்று நம்மிடம் வந்த தகவல் இன்றைய வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுமா என்பதுதான் இங்கே கேள்வி. கடை என்ன விலை, பணம் எங்கிருந்து வந்தது, உயிலில் எந்தெந்தச் சொத்து இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் அலமாரியில் இருக்கிறது. திருமணம், விவாகரத்து பற்றிய சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவின்கீழ் சொத்தைப் பிரிக்கும்போது பேச்சே இதைப் பற்றித்தான் இருக்கும். எப்போதோ ஒரு போக்குவரத்துக் குற்றத்துக்கு மட்டும் உதவியிருந்தால் விடை வேறாக இருக்கலாம். பழைய கட்சிக்காரர் என்றாலே கதவை மூட வேண்டியதில்லை.

பழைய கட்சிக்காரர் எல்லா விவரமும் தெரிந்து எழுத்துமூலம் சம்மதித்தால் வழி உண்டு. ஆனால் இங்கே அவரிடம் கேட்டாலே, மேலே சொன்னபடி, மனைவியின் ரகசியம் போய்விடும். பெரிய நிறுவனங்களில் தகவல் கசியாதபடி தடுப்பு ஏற்படுத்துவதும் உண்டு. மூன்று பேர் ஒரே பிரிண்டரைப் பயன்படுத்தும் இடத்தில் அந்தத் தடுப்பு நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நாளைக்கே கணவர் வந்து நின்றாலும் எடுக்காதீர்கள். மனைவியின் தரப்பை அரை மணி நேரம் கேட்டாயிற்று. சந்தேகம் இருந்தால் உங்கள் வழக்கறிஞர் சிங்கப்பூர் வழக்கறிஞர் சங்கத்திடம் வழிகாட்டுதல் கேட்கலாம்.

சரி, கணினி ஏன் கண்டுபிடிக்கவில்லை? பெரும்பாலும் நம் பெயர்கள்தான் காரணம். அடையாள அட்டையில் "கணேசன் எஸ்/ஓ முத்தையா", அதாவது முத்தையாவின் மகன் கணேசன், என்று இருக்கும். பழைய கோப்பில் "எம். கணேசன்" என்று எழுதியிருப்பார்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு வந்து நிரந்தரவாசியானவர் என்றால் "முத்தையா கணேசன்" ஆகியிருப்பார். மனைவியோ வீட்டில் கூப்பிடும் "கண்ணன்" என்ற பெயரைச் சொல்லியிருப்பார். நான்கும் ஒரே ஆள். சுப்பிரமணியத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் "எம்" போடுபவரும் உண்டு, "என்" போடுபவரும் உண்டு. முகம்மது என்ற பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று சொல்லவே வேண்டாம். "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் வைத்த படிவத்தில் நம் பெயர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி விழும்.

ஆகவே யாராவது போன் செய்து, "என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா..." என்று ஆரம்பித்தால், பணிவாக நிறுத்துங்கள். "அக்கா, ஒரு நிமிஷம், முதலில் பெயர் மட்டும் சொல்லுங்கள்." அடையாள அட்டையில் உள்ளபடி அவர் பெயர், அப்பா பெயர், கூப்பிடும் பெயர் என மூன்றையும் வாங்குங்கள். எதிர்த்தரப்புக்கும் அதே மூன்று. தொழில் ஏதும் இருந்தால் அதன் பெயர். கம்பெனி என்றால், கம்பெனிகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் இயக்குநர்களும் பங்குதாரர்களும் தெரிவார்கள். அந்தப் பெயர்களையும் தேடுங்கள். முழுப் பெயரைத் தட்டாமல், எழுத்துக்கூட்டல் மாறாத முதல் நாலைந்து எழுத்துகளைத் தட்டுங்கள். அப்பா பெயரைத் தனியாக ஒரு தடவை தேடுங்கள். அந்தப் பெயர்களால் முரண்பாடு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு சந்திப்புக்கு நேரம் கொடுங்கள். கதையை அப்போது வழக்கறிஞர் கேட்கட்டும்.

கணினியில் வராதவையும் உண்டு. நம் சமூகம் சின்னது. வழக்கறிஞர் கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பார், எதிர்த்தரப்பு உங்கள் கொழுந்தனாராக இருப்பார். தினமும் காலையில் புதிய பெயர்களை அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்டுங்கள். "சொந்தக்காரருக்குச் செய்யும் உதவிதானே, கோப்பு எதற்கு" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். திரு லீ குவான் இயூவின் கடைசி உயில் தொடர்பில் 2020 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் ஒருவர் 15 மாதம் தொழில் செய்யத் தடை பெற்றார். முறைப்படி அவர் உயில் எழுதியவரின் வழக்கறிஞராக இருந்தார் என்று நிறுவப்படவில்லை, ஆனாலும் தடை வந்தது; உயிலால் பயன்பெறுபவர்களில் ஒருவர் அவருடைய கணவர்.

இந்தச் சந்திப்பையும் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்: அந்தப் பெண்மணியின் பெயர், அவருடைய அப்பா பெயர், வந்த தேதி, எடுக்கவில்லை என்ற குறிப்பு. அவர் சொன்ன விவரங்களில் ஒரு வரிகூட அதில் இருக்க வேண்டாம். வழக்கறிஞர் எடுத்த குறிப்புகளை உறையிலிட்டு ஒட்டி, அவரே பூட்டி வைக்கட்டும்.