ஹீட்டர் ஹோஸும் ஃபயர்வால் ரப்பரும் உட்காரவில்லை என்றால்

கேள்வி: டில்லியில் இருக்கிறோம். பழைய பெட்ரோல் காரின் ஹீட்டரை நானே சரி செய்கிறேன். புது ஹோஸ் குழாயில் பாதி ஏறி நின்றுவிட்டது, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில்) உட்கார வேண்டிய ரப்பர் வளையமான கிராமெட்டும் ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியே வருகிறது. கிரீஸ் தடவலாமா?

கிரீஸ் வேண்டாம். இன்ஜின் ஆயிலும் வேண்டாம். ஹீட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் சூடும் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பித் தளர்ந்துவிடும். இன்று வழுக்கிக்கொண்டு ஏறும் ஹோஸ் நாளடைவில், அதை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப்புக்கு அடியிலேயே கசியத் தொடங்கும். சோப்புத் தண்ணீர் போதும். அதைவிட நல்லது கூலன்ட்டையே விரலில் தொட்டு உள்பக்கம் தடவுவது. எப்படியும் அதற்குள் ஓடப்போவது அதுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெரிய செலவுக்குப் பிறகு. 2020 ஜனவரி, ஆர்.கே.புரத்தில் குடியிருந்தோம். என்னுடையது 2007 மாடல் சின்னக் கார். ஒரு வாரமாகவே உள்ளே இனிப்பான ஒரு வாடை, முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு. கூலன்ட் கசிகிறது, ஹோஸ் வெடித்திருக்கும் என்று நினைத்து காலை ஏழு மணிக்கு பானெட்டைத் திறந்து, பழைய ஹோஸை பிளையரால் பிடித்து முறுக்கி இழுத்தேன். ஹோஸ் வரவில்லை. கூலன்ட் ஓடி உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோரின் குழாய் வளைந்து, அடியில் பற்றவைத்த இடத்தில் விரிந்துவிட்டது. அந்தக் கோரை மாற்ற டாஷ்போர்டையே கழற்ற வேண்டும்.

கீழ் வீட்டில் ராணுவத்தில் வண்டிப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருந்தார், வேலூர்ப் பக்கத்துக்காரர். வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ரப்பர்கூட மல்லுக்கட்டாத. பிளேடால கீறி உரிச்சு எடு. ஹோஸ் போனா போவுது, குழாய் முக்கியம்."

உங்களிடமும் பழைய ஹோஸ் இன்னொன்று குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தால் இதையே செய்யுங்கள். குழாயின் நீளவாக்கில், மேலாக ஒரு கீறல். பிளேடு உலோகத்தைத் தொடும் அளவுக்கு ஆழம் போக வேண்டாம், அந்தக் கோட்டின் வழியாகவே பின்னால் கசியும். மீதியை விரலால் பிளந்துவிடலாம். பிறகு குழாயைப் பாருங்கள். பழைய ரப்பர் துணுக்கும் வெள்ளைப் படிவும் மேலே இருந்தால் எந்த ஹோஸும் சரியாக ஏறாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் வைத்துச் சுற்றித் தேய்த்தால் போய்விடும்.

இப்போது உங்கள் ஹோஸ். பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம் குளிர் என்றுதான் நினைக்கிறேன். ஜனவரி காலையில் டில்லியில் ஐந்து டிகிரிக்கும் கீழே போகும், அந்த நேரத்தில் ரப்பர் விறகு மாதிரி இருக்கும். மதியம் வெயிலில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மறுத்தால், ஒரு டம்ளரில் கொதித்த தண்ணீர் ஊற்றி, ஹோஸின் நுனியை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் அதில் முக்கி வையுங்கள். நூறு டிகிரிக்கு மேலும் தாங்கும் ரப்பர் அது, தண்ணீர்ச் சூட்டால் கெடாது. எடுத்த கையோடு சாய்வாக ஒரு ஓரத்தை முதலில் குழாயில் மாட்டி, லேசாக இடமும் வலமும் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். இன்னொரு கையால் குழாயின் அடியைத் தாங்கிப் பிடிப்பது அவசியம். குழாய் நுனியில் ஒரு புடைப்பு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும், கிளாம்ப்பும் அந்தப் புடைப்பைத் தாண்டித்தான் உட்கார வேண்டும். கிளாம்ப்பை முன்னாலேயே ஹோஸில் கோத்துக்கொள்ளுங்கள். அதை மறந்து மறுபடியும் கழற்றுவது கொடுமை.

கிராமெட்தான் உண்மையான சிரமம். அதன் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம், அதில் ஃபயர்வால் தகட்டின் ஓரம் உட்கார வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பள்ளத்தின் ஓரத்து ரப்பர் உதடு கிழியும். அன்று அண்ணன் கேட்டது ஒரு நூல், மூன்று மில்லிமீட்டர் தடிமனில் நைலான் கயிறு. அதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கிராமெட்டின் பள்ளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனிகள் சற்று ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விட்டார். டாஷ்போர்டு கழன்றிருந்ததால் அவர் உள்ளேயிருந்து ஹீட்டர் பெட்டியைத் தள்ளிப் பிடித்தார், நான் இன்ஜின் பக்கத்தில் தொங்கிய நுனியை இழுத்தேன். நேராக என்னை நோக்கி இழுத்தபோது நூல் மட்டும் வழுக்கி வந்துவிட்டது. "துளையோட நடுவைப் பாத்து இழு, மெதுவா சுத்திக்கிட்டே வா" என்றார். அடுத்த முறை ரப்பர் உதடு நூலோடு சுருண்டு சுருண்டு தகட்டைத் தாண்டி வெளியே வந்து உட்கார்ந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. கார் கண்ணாடி மாட்டுபவர்கள் ரப்பர் பீடிங்குக்குச் செய்வதும் இதைத்தான். உங்கள் வண்டியில் ரப்பர் எந்தப் பக்கமிருந்து போகிறதோ, நூல் நுனி அதற்கு மறுபக்கம் இருக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும்.

கிராமெட்டை வெட்டி வைத்து சிலிகான் பூசிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சிலிகான் விரிசல் விட்டால் இன்ஜின் புகையும் மழைத்தண்ணீரும் நேரே உங்கள் காலடிக்கு வரும். ஹீட்டருக்குக் கூலன்ட் போகாமல் பைபாஸ் செய்வதும் அப்படித்தான். பனிமூட்டத்தில் கண்ணாடித் தெளிவுக்கு அந்தச் சூடான காற்று வேண்டும்.

ரப்பர் சாமான் கஷ்மீரி கேட்டில் கிடைக்கும். பழைய ஹோஸின் துண்டைக் கையோடு கொண்டுபோங்கள், உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் இந்தப் போராட்டம்தான். கிளாம்ப் வாங்கும்போது கம்பெனி வண்டியோடு வந்த ஸ்பிரிங் கிளாம்ப் நல்ல நிலையில் இருந்தால் அதையே திரும்பப் போடுங்கள். சூட்டில் ஹோஸ் விரிந்து குளிரில் சுருங்கும்போது அது கூடவே இறுக்கிப் பிடிக்கும். திருகு கிளாம்ப் என்றால் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

எல்லாம் மாட்டிய பிறகு ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் ஊற்றி ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். கீழே சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள், இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கும், அது அவற்றுக்கு விஷம்.

மறுநாள் காலை, வண்டியைக் கிளப்பும் முன், இரண்டு கிளாம்ப்புகளுக்கும் கீழே டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். திருகு கிளாம்ப்பில் துளி ஈரம் இருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். ஸ்பிரிங் கிளாம்ப்பாக இருந்தால் பெரும்பாலும் ஹோஸ் புடைப்பைத் தாண்டவில்லை என்று அர்த்தம், மறுபடியும் சுடுதண்ணீரில் முக்கித் தள்ளுங்கள்.