தேதி குறிக்கும் முன்

கேள்வி: கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றும் சேர்ந்து சமூகநீதிக்கு உருப்படியாக என்னதான் செய்ய முடியும்? - ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: வயதுச் சான்று கேட்கலாம். சிரிக்காதீர்கள். நம் தர்மபுரிப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தாலி கட்டுவது இன்னும் ஓயவில்லை. நான் வாத்தியாராக இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 11 நாள் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் டி.சி. வாங்க வந்தாள், கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்ணுக்கு 18 நிரம்பாத கல்யாணத்தை நடத்தி வைப்பவருக்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஐயர், பாதிரியார், ஹஜ்ரத் மூவரும் ஒரே பேச்சாகச் சான்று கேட்டால், ‘அந்தத் தெருவில் மட்டும் நடக்கிறதே’ என்ற சாக்கு எடுபடாது. மீறினால், சரி, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.