வெப்சைட் எதில் கட்டுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறீர்கள். நான் அதைவிட இரண்டு விஷயங்களைத்தான் அதிகம் பார்ப்பேன். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது? பிடிக்காமல் போனால் தளத்தில் போட்ட உங்கள் சரக்கை (எழுத்து, படம், பட்டியல்) எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா? கீழே உள்ள பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு வியாபாரம் செய்கிறோம். இப்போது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பித்தான் ஆர்டர் வாங்குகிறோம். விக்ஸ் நல்லதா, வேர்ட்பிரஸ் நல்லதா? கம்ப்யூட்டர் ஓரளவுதான் தெரியும்.

தளத்திலேயே பணம் வாங்கப் போகிறீர்களா, இல்லை டிசைன்களைக் காட்டிவிட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் பட்டன் ஒன்று இருந்தால் போதுமா? முதலில் இதைத் தீர்மானியுங்கள்.

பட்டன் போதும் என்றால் விக்ஸ் சரியாக வரும். படத்தை இழுத்துப் போட்டு, எழுத்தைத் தட்டி, சனி ஞாயிறில் முடித்துவிடலாம். ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்), பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் நிற்கும், சொந்த டொமைனை இணைக்கவும் முடியாது. அதனால் கடைக்கு அது ஆகாது, பழகிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, விக்ஸில் கட்டிய பக்கங்களை அப்படியே பெயர்த்து வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோக முடியாது. பொருள் பட்டியலை மட்டும் கோப்பாக எடுக்கலாம். டெம்ப்ளேட்டையும், அதாவது தயாராகக் கிடைக்கும் பக்க வடிவமைப்பையும், யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கட்டியபிறகு அதே தளத்தில் வேறு டெம்ப்ளேட்டுக்குத் தாவ முடியாது.

வேர்ட்பிரஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன, பலர் குழம்புவது இங்கேதான். டாட் ஆர்க் என்று முடிவது 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். ஹோஸ்டிங்கை நீங்கள் தனியாக வாங்கி அதில் நிறுவ வேண்டும். டாட் காம் என்று முடிவது அதே மென்பொருளை வைத்து ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. யூடியூபில் ஒன்றைப் பற்றிய வீடியோவைப் பார்த்துவிட்டு மற்றதில் கணக்குத் தொடங்கி, 'அவர் காட்டுகிற மெனு எனக்கு இல்லையே' என்று கேட்பவர்கள் நிறையப் பேர். முதல் வகையில் சுதந்திரம் அதிகம். எந்த ஹோஸ்டிங்குக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அப்டேட், பேக்கப், பிளக்இன் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) சண்டை எல்லாம் உங்கள் தலையில். அப்டேட் செய்யாத பழைய பிளக்இன் வழியாகத்தான் பெரும்பாலும் தளங்களுக்குள் புகுந்துவிடுகிறார்கள்.

தளத்திலேயே பணம் வாங்கப் போகிறீர்கள் என்றால் மாதச் சந்தாவில் ஆன்லைன் கடை தரும் ஷாப்பிஃபை அல்லது வேர்ட்பிரஸ் மேல் ஓடும் கடை பிளக்இன் வூகாமர்ஸ். ஷாப்பிஃபை நன்றாக ஓடும். கணக்கை மட்டும் முதலிலேயே போட்டுப் பாருங்கள். அதன் சொந்தப் பேமெண்ட் வசதி இந்தியாவில் கிடையாது. வெளி கேட்வே (வாடிக்கையாளர் பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனம்) ஒன்றை இணைத்தால் அடிப்படைத் திட்டத்தில் விற்பனையில் 2% ஷாப்பிஃபைக்குப் போகும். கேட்வேயும் தன் பங்குக்குப் பொதுவாக 2% அளவில் எடுக்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி. 600 ரூபாய் பெட்ஷீட்டில் இப்படிச் சுமார் 26 ரூபாய் கழிந்துவிடும், மாதச் சந்தா தனி. வூகாமர்ஸில் ஷாப்பிஃபையின் அந்த 2% இல்லை, பதிலுக்கு வேலை அதிகம்.

எதில் கட்டினாலும், பொருளைத் திருப்பி வாங்கும் விதி, விலாசம், போன் நம்பர் இவற்றுக்கான பக்கங்கள் இல்லாமல் கேட்வேக்காரர்கள் ஒப்புதல் தருவது கஷ்டம். தளம் முடிந்து விளக்கேற்றும் நாளில் இது தெரியவந்து நிற்பவர்கள் உண்டு. உங்கள் நிலையில் நான் பட்டனோடு தொடங்குவேன். ஆர்டர்களைக் கையால் சமாளிக்க முடியாத நாள் வந்தால் அப்போது தளத்திலேயே பணம் வாங்கும் கடைக்கு மாறுங்கள்.

கேள்வி: திருநெல்வேலியில் பல் மருத்துவமனை வைத்திருக்கிறேன். ஒருவர் 25,000 ரூபாய்க்கு வெப்சைட் செய்து தருகிறேன் என்கிறார். டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். சரிதானா?

விலையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்' என்ற இடம்தான் இடிக்கிறது. கடைக்குப் போர்டு எழுத வந்தவர் பெயரில் கடைப் பத்திரத்தைப் பதிவோமா?

டொமைனை நீங்களே வாங்குங்கள். உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் நம்பர், உங்கள் கார்டு. பத்து நிமிட வேலை, வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் ஒட்டி ஆகும். தளம் செய்பவருக்கு டிஎன்எஸ், அதாவது முகவரி எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற அமைப்பை, மாற்ற அனுமதி கொடுத்தால் போதும். டொமைன் விற்கும் பல நிறுவனங்களில் அதற்கென்றே தனி அனுமதி வசதி உண்டு. மின்னஞ்சலும் நீண்ட நாள் நிற்பதாக இருக்கட்டும். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணின் தனிப்பட்ட மெயிலில் பதிந்துவிட்டு, அவர் வேலையை விட்டுப் போனபிறகு ஓடிபிக்காக அவரைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஏற்கெனவே இன்னொருவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அவர் டொமைன் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான ஆத் கோடு ஒன்றைத் தர வேண்டும். டாட் காம் புதிதாக வாங்கி 60 நாள் ஆகாமல் வேறு நிறுவனத்துக்கு மாறாது. ஒரே நிறுவனத்துக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது எளிது. அப்புறம், வேலை முடிந்ததும் தளத்தின் அட்மின் பாஸ்வேர்டையும் ஒரு முழு பேக்கப்பையும் கையில் வாங்கிக்கொண்டுதான் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். என் கட்டுரைகளைத் தமிழிலேயே போட ஒரு தளம் வேண்டும். பழையவை எல்லாம் பாமினியில் தட்டியவை.

உங்களுக்கு வேர்ட்பிரஸ் அல்லது பிளாகர் போதும் அம்மா. பிளாகர் இலவசம், கூகுளுடையது, கட்டுரை எழுதுவதற்கென்றே பிறந்தது. எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும்.

பாமினி பழைய வகைத் தமிழ் எழுத்துரு. அதில் தட்டியதை அப்படியே ஒட்டினால் வாசகருக்கு ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும், கூகுளும் தேடிக் கண்டுபிடிக்காது. முதலில் எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். மேற்கோள் குறியும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும்.

டெம்ப்ளேட் தேர்வில் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முன்னோட்டத்தில் அழகாகத் தெரியும் எழுத்துரு பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மட்டும்தான். தமிழைப் போட்டதும் ஒவ்வொரு போனும் தன்னிடம் உள்ள எழுத்துருவை எடுத்துக் காட்டும், பக்கமும் ஆளுக்கு ஒரு மாதிரி தெரியும். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டுரையின் உள்ளெழுத்துக்கு எனக்கு முக்த மலர் பிடிக்கும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். தலைப்பு எழுத்தின் அளவைக் குறையுங்கள். 'ஒருங்கிணைப்பாளர்களுக்கு' மாதிரி ஒரு சொல் வந்தால் போன் திரையைத் தாண்டி ஓடிவிடும். டெம்ப்ளேட்டைச் சோதிக்கும்போதே உங்களுடைய நீளமான தலைப்பைப் போட்டுப் பாருங்கள்.

டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே டொமைன் கிடைக்கிறது. ஆசையாக இருந்தால் வாங்கலாம், ஆனால் ஆங்கில எழுத்து முகவரி ஒன்றும் கூடவே இருக்கட்டும். சில இடங்களில் தமிழ் முகவரியை ஒட்டினால் புரியாத எழுத்துக் கோவையாக மாறிவிடும்.

கேள்வி: டியூஷன் சென்டருக்கு ஒரு பைசா செலவில்லாமல் வெப்சைட் வேண்டும்.

கூகுள் சைட்ஸ். அழகை எதிர்பார்க்காதீர்கள், நேர அட்டவணை, கட்டணம், மேப் காட்ட அது போதும். பின்னால் டொமைன் வாங்கினால் அதையும் கூடுதல் கட்டணம் இல்லாமல் இணைக்கலாம்.

கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாக வந்துகொண்டிருந்த குட்டித் தளத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தத் தளங்களை கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் புதிதாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. மேப்பில் தெரியும் புரொஃபைல் இன்னும் இலவசம்தான், அதை முதலில் நிரப்புங்கள். டியூஷனுக்கு வெப்சைட்டைவிட அதுதான் ஆள் கொண்டுவரும்.

கேள்வி: ஏஐ ஒரே நிமிடத்தில் வெப்சைட் கட்டித் தருகிறதாமே?

தருகிறது. பக்க அமைப்புக்கு அது நல்ல தொடக்கம். எழுத்தை மட்டும் வரிவரியாகப் படியுங்கள். ஆறு மாதம் முன்பு திறந்த பேக்கரிக்கு 'பல்லாண்டு அனுபவம்' என்றும், சொல்லாத வாடிக்கையாளர் பாராட்டுகளையும் கூசாமல் எழுதி வைக்கும். அந்தப் பாராட்டுகளைக் கட்டாயம் நீக்குங்கள். இணையத்திலிருந்து வந்த கேக் படத்துக்குப் பதில் உங்கள் கேக்கைப் பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: ஜோஹோ நம்ம ஊர் கம்பெனி. அதில் வெப்சைட் செய்யலாமா?

செய்யலாம். ஜோஹோ சைட்ஸ் சாதாரணத் தளத்துக்கு, ஜோஹோ காமர்ஸ் கடைக்கு. ஏற்கெனவே ஜோஹோ மெயிலோ புக்ஸோ பயன்படுத்துகிறீர்கள் என்றால் பொருந்தி வரும். நம்ம ஊர் என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம். எதை வெளியே எடுத்துப் போகலாம் என்ற கேள்வியை அவர்களிடமும் கேளுங்கள்.

கேள்வி: முதல் வருடம் 99 ரூபாய்க்கு டொமைன் வாங்கினேன். இரண்டாம் வருடம் பல மடங்கு கேட்கிறார்கள். இது மோசடியா?

மோசடி இல்லை, விளம்பர விலை. வாங்கும்போதே 'ரினியூவல்' விலை சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஹோஸ்டிங்கிலும் இதே கதைதான். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்தக் குறைந்த விலை என்பார்கள்.

தானாகப் புதுப்பிக்கும் என்று நம்பியும் இருக்காதீர்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே உங்கள் அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். அது பதிவாகாமல் போனால் வங்கி மறுத்துவிடும், உங்களுக்கு ஒரு மெயில் மட்டும் வரும். போன் காலண்டரில் ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் தளம் திறந்து நான்கு மாதமாகிறது. கடைப் பெயரைத் தேடினால்கூட கூகுளில் வரவில்லை. எஸ்இஓவுக்கு (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) மாதம் 5,000 கேட்கிறார்கள்.

காசு கொடுக்கும் முன் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி அடியில் இருக்கும். கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள். டிக்கை எடுத்துவிட்டு, கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள்.