அதே கிட்டார், அதே ஆம்ப்... நாதம் மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: ஹவாயன் கிட்டார் பழகுகிறேன். எனக்குப் பிடித்த கலைஞர் வைத்திருக்கும் அதே மாடல், அதே கம்பி செட், கம்பிமேல் வைத்து நகர்த்தும் ஸ்டீல் பார் அதே எடையில் எல்லாம் வாங்கிவிட்டேன். ஆறு மாதமாகியும் அவருடைய நாதம் வரவில்லை. பிக்கப்பை மாற்றிப் பார்க்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பிக்கப்பில், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் பாகத்தில், கை வைக்காதீர்கள், அந்தக் காசு மிஞ்சட்டும். ஒலியைப் பெரிதாக்கும் அந்த ஆம்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு ஸ்வரத்தை வாசித்துக் கேளுங்கள். அங்கேயே சரியில்லை என்றால் ஆம்ப் அந்தக் குறையைத்தான் பெரிதாக்கித் தரும்.

சாதாரண கிட்டாரில் கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற மெட்டு ஸ்வரத்தைப் பிடித்துக்கொடுத்துவிடும். இதில் ஃப்ரெட் வெறும் அடையாளக் கோடு, கம்பியைத் தொடுவது பார் மட்டும். அதனால் நேராக வந்து நின்றீர்களா, கொஞ்சம் கீழே தொட்டுவிட்டு ஏறினீர்களா, நின்றபின் எவ்வளவு நேரம் கழித்து அசைக்க ஆரம்பித்தீர்கள், அந்த அசைவு அகலமா குறுகலா என்பதெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் கேட்டுவிடும். இரண்டு ஸ்வரத்திலேயே ஆளைக் கண்டுபிடிக்க முடிவது இதனால்தான். சுருதி விலகியதை மறைக்கப் பாரை வேகவேகமாக ஆட்டுவது ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது, நானும் ஆட்டியிருக்கிறேன்.

அப்புறம், பாருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தலைப்பக்கம் மிச்சமிருக்கும் கம்பியும் சேர்ந்து அதிரும், சம்பந்தமில்லாத ஓர் இரைச்சல் கூடவே வரும். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் கம்பிமேல் லேசாகப் படுக்கவைத்து, பார் போகுமிடமெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு போங்கள். பாரையும் அமுக்க வேண்டாம், அதன் எடையே பெரும்பாலும் போதும். அழுத்தினால் சுருதி ஏறும், தூக்கிப் பிடித்தால் சலசலக்கும்.

வலது கையை ஒரே இடத்தில் ஊன்றி வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பிரிட்ஜ், அதாவது கம்பியின் அடிமுனையைத் தாங்கும் கட்டை, அதன் அருகே மீட்டினால் கூர்மை, தள்ளி வந்தால் குழைவு, இது தெரிந்ததுதான். ஆனால் பார் 12-வது ஃப்ரெட்டுக்குப் போனதும் ஒலிக்கும் கம்பியின் நீளம் பாதியாகிவிடுகிறதே, கை அங்கேயே இருந்தால் மீட்டும் இடம் கம்பியின் நடுவை நெருங்கி நாதம் மாறிவிடாதா? பார் நகர நகர வலது கையும் கொஞ்சம் நகர வேண்டும்.

ஜெர்ரி பேர்ட் என்ற அமெரிக்கக் கலைஞரைத் தேடிக் கேளுங்கள். சுற்றியிருந்தவர்கள் காலால் பெடலை மிதித்துக் கம்பியின் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீலுக்கு மாறியபோதும் அவர் பெடல் இல்லாமலேயே வாசித்தார், 1972-ல் ஹவாய்க்கே குடிபோய்விட்டார். நம் ஊரிலேயே வழி வேண்டுமென்றால் மார்கழியில் ஒரு சித்திரவீணைக் கச்சேரிக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். 21 தந்திகள், ஃப்ரெட் மாதிரி மெட்டே கிடையாது, கையில் ஒரு வழுவழுப்பான உருளை. சபா கேன்டீனுக்கு அப்புறம் போகலாம், ஆலாபனையின்போது இடது கையைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கமகத்துக்கு நடுவே அந்தக் கை எத்தனை முறை சும்மா நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: கம்பிமேல் இரும்பை வைத்து வாசிக்கும் யோசனை யாருடையது?
– வாசகி, அடையாறு

பதில்: ஹவாயைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்பவரைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே ஆரம்பித்துவிட்டாராம்.