வேலை விட்டு விட்டுச் செய்தவனுக்கு ட்ரக் வேலை கிடைக்குமா?

தம்பி, கனடா வந்து நாலு வருடத்தில் ஆறு வேலை மாறிவிட்டேன், நடுவில் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய் எட்டு மாதம் நின்றேன், என்னை ட்ரக் ஓட்ட எடுப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். எடுப்பார்கள். நானும் அப்படி வந்தவன்தான்: கோப்பை கழுவினேன், ஏஜென்சி மூலம் ஃபக்டரி, பிறகு வேலையே இல்லாமல் ஒரு முழு விண்டர்.

அந்த விண்டரை மறைக்கப் போய்த்தான் முதல் ட்ரக் வேலையைக் கெடுத்துக்கொண்டேன். ஃபக்டரி வேலையின் திகதியை நாலு மாதம் இழுத்து எழுதினேன். ட்ரக் கம்பனிக்காரர் ஃபக்டரிக்குக் கோல் எடுத்து விசாரித்தார்கள். அவ்வளவுதான். சும்மா இருந்தேன் என்று எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகவே முதலில் ஒரு கொப்பியில் மாதம் மாதமாக எழுதி வையுங்கள். ஊருக்குப் போனதற்கு விமான டிக்கெட் இருக்கும். பழைய வேலைகளின் டி-4 (முதலாளி வருடா வருடம் தரும் சம்பள, வரிச் சீட்டு) எல்லாம் வரித் திணைக்களத்தின் ஆன்லைன் கணக்கில் கிடைக்கும். அமெரிக்கா போகும் கம்பனிகள் கடந்த 3 வருட முதலாளிகளைக் கட்டாயம் கேட்கும். அது அங்கத்தைய சட்டம்.

உண்மையில் பயப்பட வேண்டியது இன்சூரன்ஸுக்கு. கம்பனிக்கு உங்களைப் பிடித்தாலும் இன்சூரன்ஸ்காரர் மாட்டேன் என்றால் முடிந்தது. அவர்கள் பார்ப்பது உங்கள் டிரைவர் அப்ஸ்ட்ராக்டை, அதாவது நீங்கள் வாகனம் ஓட்டிய பதிவை. எட்டு மாத இடைவெளியை விட ஒரு ஸ்பீடிங் டிக்கெட் அங்கே பாரம்.

ஒன்டாரியோவில் ஏ-இசட், அதாவது பெரிய ட்ரக் லைசென்ஸ், எடுக்க முழு ஜி லைசென்ஸ் (கார் லைசென்ஸின் கடைசிப் படி) வேண்டும், அதற்கு முந்தைய படியான ஜி-2 போதாது. மருத்துவச் சான்றிதழும் வேண்டும். 2017 ஜூலையிலிருந்து குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். "கெதியா முடிச்சுத் தாறம்" என்று சொல்லும் ஸ்கூலுக்குப் போகாதீர்கள். பின்னுக்கு எடுக்கப் பழகாதவனை யார்டில் பார்த்தவுடனேயே தெரியும்.

பயிற்சிக்குக் காசு சேரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். 11,000 கிலோ வரையான சின்ன ட்ரக்கை ஜி லைசென்ஸிலேயே ஓட்டலாம். மளிகைச் சாமான், தளபாடம் இறக்கும் வேலை எப்போதும் இருக்கும். முதுகு நோகும், சம்பளமும் பெரிதாக இல்லை. ஆனாலும் ஒரே முதலாளியிடம் ஒரு வருடம் நின்றால் பழைய ஆறு வேலையைப் பற்றி அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. லைசென்ஸ் கையில் வந்ததும் யாராவது, "உன் பேரில் ஒரு கம்பனி திற, பிடித்தம் இல்லாமல் முழுக் காசும் தருகிறோம்" என்பார்கள். நம்மவர்களும் சொல்வார்கள். அப்படிப் போனால் வேலையின்மைக் காப்புறுதி இல்லை, லீவுச் சம்பளம் இல்லை. உங்களுக்கு அதைவிடப் பெரிய இடி, டி-4 வராது. இரண்டு வருடம் இரவு பகலாக 401 நெடுஞ்சாலையில் ஓடிய பிறகும், அடுத்த இடத்தில் போய் நிற்கும்போது வேலை செய்ததைக் காட்ட ஒழுங்கான கடதாசி இருக்காது.

உங்களிடம் இருப்பது ஜியா, ஜி-2-வா? அதைச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.