கேமரா ஆஃப், மைக் மியூட்: ஆன்லைன் கிளாஸ்ல ஸ்டூடன்ட்ஸை எப்படி பேச வைக்கிறது?

கேள்வி: இப்போதான் முதல் தடவையா ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் எடுக்கிறேன். வாரத்துக்கு ஒரு லைவ் கிளாஸ், மத்ததெல்லாம் ரெக்கார்டட் வீடியோவும் அசைன்மென்ட்டும். லைவ்ல யாரும் கேமரா ஆன் பண்றதில்ல, கேள்வி கேட்டா நிசப்தம். டிஸ்கஷன்லயும் "நானும் அதேதான் நினைக்கிறேன்"னு ஒரு வரியோட முடிஞ்சிடுது. கேமராவை கட்டாயமாக்கிடலாமா?

பதில்: வேண்டாங்க. கட்டாயப்படுத்தினா முகம் வரும், ஆள் வரமாட்டாங்க. கார்னெல் யூனிவர்சிட்டில ஸ்டூடன்ட்ஸ் கிட்ட ஏன் கேமராவை ஆஃப் பண்றீங்கன்னு கேட்டு 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல அதிகம் பேர் சொன்ன காரணம் பாடம் போர் அடிக்குதுன்னு இல்ல, தான் எப்படி தெரியறோமோங்கிற கூச்சம். பின்னாடி வீட்ல இருக்கிறவங்க தெரிவாங்க, நெட் வீக்குன்னும் சொல்லியிருந்தாங்க. சோ அந்த கறுப்பு கட்டங்களை பாத்து மனசு விட வேணாம். உங்க கேமரா ஆன்ல இருக்கட்டும், அவங்களுக்கு இஷ்டம்னு விட்டுடுங்க.

ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் நிஜமான ஒரு ஆள் இருக்கார்ங்கிற உணர்வைத்தான் சோஷியல் பிரசன்ஸ்ன்னு சொல்வாங்க. இந்த பேச்சு இன்னைக்கு நேத்து வந்தது இல்ல, 1976லயே ஷார்ட், வில்லியம்ஸ், கிறிஸ்டின்னு மூணு பேர் எழுதிட்டாங்க. எதிர்ல இருக்கிற ஆள் எவ்வளவு "நிஜமா" தெரியறார்ங்கிறது நாம பேசுற சாதனத்தோட தன்மைன்னு அவங்க சொன்னாங்க. அதுக்கப்புறம் 2000 வாக்குல கனடாவுல கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூணு பேரும் வெறும் எழுத்துலயே நடந்த ஆன்லைன் வகுப்புகளை எடுத்துப் பாத்தாங்க, வீடியோவே இல்லாம எழுத்துலயே ஒருத்தர் தன்னை முழு ஆளா காட்டிக்க முடியும்னு வந்துச்சு. உங்களுக்கு வேண்டியது இதுதான். இங்க ஒரு மனுஷன் நான் எழுதினதை படிச்சிருக்கார்ன்னு ஸ்டூடன்ட்டுக்கு தெரியணும், அவ்வளவுதான்.

அதனால நேரம் கம்மியா இருந்தா ஸ்லைடை அழகுபடுத்துறதை விட்டுட்டு அந்த நேரத்தை ஃபீட்பேக்ல போடுங்க. "குட் ஜாப்" யாருக்கு வேணா எழுதலாம், அதுல அவங்க இல்ல. "ரெண்டாவது பாராவுல செலவு கணக்கை மாத்தி போட்டது சரியான யோசனை, ஆனா அதே கணக்கு கடைசில ஏன் வரல?"ன்னு எழுதினா, பேர் போட்டு எழுதினா, அது அவங்களுக்கு மட்டும் எழுதினதுன்னு தெரிஞ்சிடும். டைப் பண்ண நேரமில்லையா, ஒரு நிமிஷம் வாய்ஸ்ல பேசி அனுப்புங்க, குரல்ல இருக்கிற கனிவு எழுத்துல அவ்வளவு சுலபமா வராது.

லைவ் கிளாஸ் நிசப்தத்துக்கு வருவோம். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க கல்வி ஆய்வாளர் 1970கள்ல நேர் வகுப்புகளை ரெக்கார்ட் பண்ணி பாத்தாங்க, டீச்சர்ஸ் கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 செகண்ட்தான் காத்திருக்காங்களாம், அதையே 3 செகண்ட் ஆக்கினா பதில் நீளமாகுது, பேசாதவங்களும் பேசுறாங்க. ஆன்லைன்ல கேள்வி போய் சேரணும், யோசிக்கணும், மியூட் பட்டனை தேடணும், நான் பேசலாமா இல்ல வேற யாராவது ஆரம்பிப்பாங்களான்னு தயங்கணும், இவ்வளவும் இருக்குறதால மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, ரொம்ப நேரமா தோணும், பரவால்ல. இன்னொரு வழி, எல்லாரும் பதிலை சாட்ல டைப் பண்ணுங்க, நான் சொல்ற வரைக்கும் சென்ட் அழுத்தாதீங்கன்னு சொல்லிட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு "இப்போ"ன்னு சொல்லுங்க. முதல் ஆளா மாட்டிக்கிற பயம் யாருக்கும் இருக்காது. வந்ததுல ரெண்டு மூணை பேர் சொல்லி படிங்க, முக்கியமா பாதி சரியான ஒரு பதிலை எடுத்து மரியாதையா பேசுங்க, தப்பா சொன்னாலும் இங்க மானம் போகாதுன்னு மத்தவங்க அதுல இருந்துதான் தெரிஞ்சுக்குவாங்க.

டிஸ்கஷன் செத்து கிடக்குதுன்னா பெரும்பாலும் கேள்வில கோளாறு. ஒரே ஒரு சரியான பதில் இருக்கிற கேள்விக்கு முதல் ஆள் பதில் போட்டதும் மத்தவங்களுக்கு சொல்ல என்ன மிச்சம்? "இந்த முறையை உங்க வேலைல போட்டா எந்த இடத்துல உடையும்?"ன்னு கேளுங்க, ஆளுக்கு ஆள் வேற வேற வரும். அப்புறம் எல்லா போஸ்ட்டுக்கும் உடனே ஓடி போய் பதில் போடாதீங்க, நீங்க பேசிட்டா தீர்ப்பு வந்துடுச்சுன்னு அவங்க அடங்கிடுவாங்க. வாரக் கடைசில "இவங்க சொன்னதும் அவங்க சொன்னதும் இந்த இடத்துல இடிக்குது, ரெண்டு பேரும் பேசிக்கோங்க"ன்னு பேர் சொல்லி கோத்து விட்டா போதும்.

வீடியோவுக்கு ஸ்டூடியோ எல்லாம் தேவையில்ல. 2014ல எட்எக்ஸ்ங்கிற ஆன்லைன் கோர்ஸ் தளத்தோட கோர்ஸ்களை வச்சு பண்ண ஆய்வுல 6 நிமிஷத்துக்குள்ள இருக்கிற வீடியோவைத்தான் அதிகம் கடைசி வரை பாத்திருக்காங்க, பெரிய செலவுல எடுத்ததை விட டேபிள்ல உக்காந்து சாதாரணமா பேசினது நல்லாவே எடுபட்டிருக்கு.

சத்தமில்லாம காணாம போறவங்களைத்தான் புதுசா வர்றவங்க கோட்டை விடுவாங்க. ரெண்டாவது வாரமே லாகின் லிஸ்ட்டை பாருங்க. "அசைன்மென்ட் வரலை"ன்னு ஆரம்பிச்சா கடன் வசூல் மாதிரி இருக்கும், "போன வாரம் உங்களை காணோமே, எங்கயாவது சிக்கிட்டீங்களா?"ன்னு தனியா ரெண்டு வரி போடுங்க. அதுக்காக ராத்திரி பன்னெண்டு மணிக்கும் பதில் போட்டுட்டு இருக்காதீங்க, 24 மணி நேரத்துல பதில் வரும்னு முதல் நாளே சொல்லிட்டு அதை காப்பாத்துங்க.

இவ்வளவு செஞ்சும் சில பேர் வாயே திறக்க மாட்டாங்க. அவங்க அசைன்மென்ட் ஒழுங்கா வருதா, வீடியோவை பாக்குறாங்களான்னு மட்டும் கவனிங்க. ரெண்டும் சரியா இருந்தா அவங்களை அவங்க போக்குல விட்டுடுங்க.